இரண்டு தடவை கேட்பவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் இல்லாத நேரத்தில், அவருக்காக, ஒரு தடவை வாயைத் திறந்தேன். அந்த ஒரு தடவையே போதும். எங்கள் தெருவில் இருந்த வயதான இத்தாலியர்கள் அவரை 'சிஞ்ஞோரா' என்பார்கள். அம்மணி என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். நானும் மனைவியும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டோம். இங்கேயும் அது அப்படியே இருக்கட்டும்.

ரொறொன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதி பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மருந்துக்கடை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கேதான் அவரை முதலில் கண்டேன். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டு டொக்டர் எழுதித் தந்த துண்டோடு போய் நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கட்டையாக வெட்டிய நரைமுடி. கண்ணாடி ஒரு சங்கிலியில் கழுத்தில் தொங்கியது. தட்டில் குளிசைகளைக் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஒன்றாகக் குவித்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவர் நிமிரவேயில்லை.

"வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

போத்தலை மூடினார். லேபிளை ஒட்டினார். பிறகு, முன்னர் கேட்கவே இல்லை என்பதுபோல, அதே குரலில் கேட்டார்.

"வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?"

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்த சூரணம். அறை நண்பன் கொடுத்த தலையிடிக் குளிசை, நாளைக்கு நாலு. பகலில் நித்திரை வருவதற்கு இன்னொன்று. அவர் போத்தலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு டொக்டருக்குப் போன் எடுத்தார். எனக்கு வேறு மருந்து தந்தார்.

"முதல் பதிலை எல்லோரும் மரியாதைக்குச் சொல்வார்கள்," என்றார். "நான் மருந்து கொடுப்பது இரண்டாவது பதிலுக்கு."

அவர் ரொறொன்ரோவில் பிறந்தவர். ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஒவ்வொரு வசனத்தையும் முற்றுப்புள்ளிவரை கொண்டுபோய் விடுவார். தமிழில் எழுதும்போதும் அவரைக் கொச்சையாகப் பேசவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அந்த மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவருடைய வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றுக்குக் குடிபோனோம். வீடு தரும்போதும் அதே கதைதான். புகை பிடிப்பீர்களா? இல்லை. புகை பிடிப்பீர்களா? பனிக்காலத்தில் மட்டும், பாத்ரூமுக்குள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து உண்மையை எடுத்துவிடும் வித்தை அந்த மனுசிக்கு இருந்தது.

மற்றவர்களிடம் மட்டும் உண்மையை எதிர்பார்க்கிறவர் என்றால் சமாளித்துவிடலாம். அவர் தானும் அப்படித்தான் இருந்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பற்றி முறைப்பாடு செய்து, நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். வேலியை அளந்தார், ஒரு பிழையும் இல்லை என்றார், போக வெளிக்கிட்டார். சிஞ்ஞோரா அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். "கீழே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய அறை ஜன்னல் சிறியது. தீப்பிடித்தால் அதன் வழியாக வெளியே வர முடியாது என்று நினைக்கிறேன். வந்து பாருங்கள்." நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து எங்கள் ஜன்னலை அளந்தார். பெரிதாக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. மூன்று கிழமை எங்கள் சுவரில் ஒரு பெரிய ஓட்டையும் அதன்மேல் பிளாஸ்ரிக் தாளும்தான்.

"வேலி பாக்க வந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து யன்னலைக் காட்டுறா," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உந்த மனிசிக்கு என்ன விசரே?"

புது ஜன்னலால் வெயில் வந்தது. மனைவி அதன் கீழே ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்து வளர்த்தாள். அதற்குப் பிறகு விசர் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எங்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அதையும் சொல்லவேண்டும். வந்த புதிதில் மோர்னிங்சைட் பக்கம் ஒரு அப்பார்ட்மென்றில் ஐந்து பேர் இருந்தோம். மூத்தவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிட்டவர், முதல் நாளே சட்டம் சொல்லிவிட்டார். "எந்தக் கந்தோரிலையிருந்து ஆர் போன் எடுத்துக் கேட்டாலும், ஆள் இஞ்சதான் இருக்கிறார், கடைக்குப் போயிட்டார், பின்னேரம் வருவார். விளங்கிச்சோ?" எங்களில் ஒருவன் மொன்றியலில் இருந்த தமக்கையிடம் போய் ஒரு மாதம் நின்றபோது ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து போன் வந்தது. எடுத்தவன் அப்பாவி. மொன்றியலுக்குப் போய்விட்டான், எப்ப வருவான் என்று தெரியாது என்றான். அவனுடைய அகதி விண்ணப்ப பைலை மூடிவிட்டார்கள். திரும்பத் திறப்பிக்க ஒரு வருடம் அலைந்தான். அதன் பிறகு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதவன்கூட அந்த வசனத்தை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தான்.

சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அது போகவில்லை. ஒருநாள் ஒரு நண்பனைக் கேட்டு யாரோ போன் எடுத்தார்கள். அவன் தன் கடிதங்களுக்கு எங்கள் விலாசத்தைக் கொடுத்து வைத்திருந்தான். கடைக்குப் போய்விட்டார், பின்னேரம் வருவார் என்றேன். உடுப்புத் தோய்க்கக் கீழே வந்த சிஞ்ஞோரா அதைக் கேட்டுவிட்டார்.

"அவர் இங்கே இல்லையே. ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

தோளைக் குலுக்கினேன்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

சொன்னேன். கொழும்பில் லொட்ஜில் இருந்த காலத்தில் பொலிஸ் வந்து, பக்கத்து அறைப் பெடியன் இருக்கிறானா என்று என்னிடம் கேட்டது. ஓம் என்றேன். கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான். அவனைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை. அன்றிலிருந்து யாராவது ஒருவரைப் பற்றி விசாரித்தால் என் வாய் முந்திக்கொண்டு பொய்யைத்தான் எடுக்கும். அங்கே ஆளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொய் 'இல்லை' என்பது. இங்கே அது 'இருக்கிறார்' என்று ஆகிவிட்டது.

அவர் ஈரத் துவாயைக் கையில் பிடித்தபடி நின்றார். "நான் அப்படி ஒரு ஊரில் பிறக்கவில்லை," என்றார். மேலே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் என்னைத் திருத்த வரவில்லை.

அவர் கல்யாணம் செய்யவில்லை. அப்பா இத்தாலியின் தெற்கே ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்து ரொறொன்ரோவில் செங்கல் அடுக்கியவர். நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பாவின் அண்ணன் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற தனிக்கட்டை. ஒரு பனிக்காலத்தில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த ஊர்ப் பாதிரியார் கடிதம் எழுதியிருந்தார்.

"என்னுடைய அங்கிள்," என்று சிஞ்ஞோரா சொன்னபோது, அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்று கேட்டேன். இரண்டு வயது மூத்தவர் என்றார். அப்படியென்றால் அங்கிள் இல்லை, எங்கள் பாஷையில் பெரியப்பா, பெரிய அப்பா என்று அர்த்தம் என்றேன். "பெரிய அப்பா," என்று திருப்பிச் சொன்னார். அவருக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களிடம் அவரைப் பெரியப்பா என்றே சொல்வார், 'ற'வும் 'ர'வும் கலந்த ஒரு உச்சரிப்பில்.

பெரியப்பாவோடு கடைசிவரை போய் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தார். கனடாக்காரியாகப் போனால் மூன்று மாதம்தான் நிற்கலாம். ஆனால் அவர் பிறந்தபோது அவருடைய அப்பா இன்னும் இத்தாலியப் பிரஜைதான். நாலு வயதானபோதுதான் அப்பா கனடாப் பிரஜாவுரிமை எடுத்தார். ஆகவே அவர்களுடைய சட்டப்படி சிஞ்ஞோராவும் பிறப்பிலேயே இத்தாலியர். அதைப் பதிவுசெய்ய வேண்டியதுதான் பாக்கி. "நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இருப்பதை எழுதச் சொல்கிறேன்," என்பார். ரொறொன்ரோவில் விண்ணப்பித்தால் வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பெரியப்பாவிடம் அத்தனை வருடம் இல்லை. அங்கேயே போய்க் குடியிருந்து, ஊர்ச் சபையில் விண்ணப்பித்தால் சுருக்காகக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, உண்மையாகவே அங்கே குடியிருக்கவேண்டும். மருந்துக்கடையில் ஒரு வருட லீவு எடுத்துக்கொண்டு மே மாதம் புறப்பட்டார்.

போகும்போது மேலே தன் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போனார். செடிகளுக்குத் தண்ணீர், கடிதங்களை எடுத்து வைத்தல், நவம்பரில் அத்திமரத்தை வளைத்துக் குழிக்குள் படுக்கவைத்து மண்ணாலும் பலகையாலும் மூடுதல். அவருடைய அப்பா நட்ட மரம் அது. மூடாவிட்டால் ரொறொன்ரோக் குளிரில் செத்துவிடும். கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தார்: 'யாராவது என்னைக் கேட்டால் உண்மையைச் சொல்லவும். நான் இத்தாலியில் வசிக்கிறேன். திரும்பி வரும் நாள் தெரியாது.' டாக்ஸி வாசலில் நிற்க, அந்த வரியை என்னை இரண்டு தடவை வாசிக்கவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். மூன்று மாதம் ஆறு மாதமானது. ஆறு ஒன்பதானது. ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பட்டணத்துப் பொலிஸ் கந்தோருக்கு பஸ் எடுத்துப் போய், விண்ணப்பம் முடிவாகவில்லை என்று காட்டித் தங்கும் அனுமதியை நீடித்துக்கொண்டு வருவார். அவர் மெய்யாகவே அங்கே வசிக்கிறாரா என்று பார்க்க ஊர்க் காவலர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் வந்தாராம். அலுமாரியைத் திறந்து குளிர்கோட்டு இருக்கிறதா என்று பார்த்தாராம். அடுத்த கிழமை திரும்பவும் வந்தாராம். "இரண்டு தடவை!" என்று சிஞ்ஞோரா சந்தோஷப்பட்டார். "ஒழுங்கான மனிதர்."

பெரியப்பாவைப் பற்றியும் சொல்வார். ஒவ்வொரு பின்னேரமும் அந்த மனிதர் அவரிடம் "நாளைக்கும் இருப்பாயா?" என்று கேட்பாராம். இருப்பேன் என்பாராம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நாளைக்கும் இருப்பாயா?" இரண்டாவது தடவையும் பதில் வந்த பிறகுதான் கண்ணை மூடுவாராம். "எங்கள் குடும்பப் பழக்கம்," என்று சிரித்தார்.

பெப்ரவரியில் ஒருநாள் காலை பதினொரு மணியிருக்கும். மேலே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. ஒரு ஆண்குரல், மிகவும் மரியாதையாக, இன்ன தூதரகக் கந்தோரிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கி, சிஞ்ஞோராவின் முழுப்பெயரையும் சொல்லி, இவர் இந்த விலாசத்தில் வசிக்கிறாரா என்று கேட்டது. கந்தோர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு மற்றதெல்லாம் அடைத்துப்போய்விட்டது. குளிர்ப்பெட்டி எனக்கு நேரே இருந்தது. கோடு போட்ட அந்த வரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இங்கேதான் இருக்கிறார். கடைக்குப் போய்விட்டார். பின்னேரம் வருவார்."

நீண்ட நாள் வெளிநாடு எங்காவது போயிருந்தாரா?

"அவரா? எங்கேயும் போகமாட்டார்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்பவனுக்கு ஒரு தாராளம் வந்துவிடும். "இன்று காலைகூட வாசலில் பனி அள்ளினார்," என்றும் சேர்த்தேன்.

நீங்கள் யார்? கீழே குடியிருப்பவன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

கீழே வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "ஏதோ கந்தோராம். சிஞ்ஞோரா இருக்கிறாவோ எண்டு கேட்டாங்கள். கடைக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்ல வேலை செய்தியள்," என்றாள். "கனநாள் வெளியிலை நிண்டால் இஞ்சத்தைச் சுகாதாரக் கார்ட்டை நிப்பாட்டிப்போடுவாங்களாம். பாவம், வயசான நேரத்திலை அந்த மனிசி என்ன செய்யும்?"

"ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்கை சொல்லவோ?"

"ஐயோ சொல்லாதேங்கோ. அவ உடனை அவங்களுக்கு அடிச்சு உண்மையைச் சொல்லிப்போடுவா."

இருவரும் சிரித்தோம். எங்களை ஆளும் அரசாங்கம் ஒன்றுதான் என்று நினைத்தோமே தவிர, கேட்டது எந்த அரசாங்கம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் தூங்கினேன்.

ஐந்து கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். தங்கும் அனுமதியை நீடிக்க மறுத்துவிட்டார்கள். பதினைந்து நாளில் வெளியேற வேண்டும். "வருகிறேன்," என்றார்.

இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். மனைவி ரசம் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் காலை என்னை மேலே கூப்பிட்டார். சமையலறை மேசையில் இத்தாலியக் கடிதம் ஒன்று இருந்தது. விரலை வைத்து வரிவரியாக மொழிபெயர்த்து எனக்கு வாசித்தார். விண்ணப்பதாரி ரொறொன்ரோவில் தொடர்ச்சியாக வசித்து வருவதாகவும், எங்கும் போகவில்லை என்றும் அவருடைய வீட்டில் இருப்பவர் இத்தாலியத் தூதரகத்துக்குத் தொலைபேசியில் உறுதிப்படுத்தியுள்ளார். ஊர்ச் சபையில் அவர் செய்த வதிவிடப் பிரகடனம் பொய்யானது.

'பொய்யானது' என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது. ஒரு குளிசைகூடக் குறையக்கூடாது என்று இரண்டு தடவை எண்ணுகிற மனுசி. கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் தொங்கியது.

"இந்த வீட்டில் இருந்தது நீங்கள் இரண்டு பேரும்தான். அப்படி ஒரு அழைப்பு வந்ததா? நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?"

"இல்லை," என்றேன்.

ஏன் சொன்னேன்? அப்போது என்னுடைய கனடாப் பிரஜாவுரிமை விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது. ஒரு அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவன் என்று எங்காவது எழுதிவிடுவார்களோ என்று பயம். ஊரில் தனியாக இருந்த அம்மாவைப் போய்ப் பார்க்க எனக்கு அந்தக் கடவுச்சீட்டை விட்டால் வேறு வழியில்லை. இதையெல்லாம் பிறகு சேர்த்து வைத்த காரணங்கள் என்றும் சொல்லலாம். அந்த நேரத்தில் என் வாய் பழக்கப்படி முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் பொய் சொல்லிவிட்டேனே என்று நான் பதறவில்லை. அதுதான் உண்மை. எனக்கு என்னைத் தெரியும், அவரையும் தெரியும். இரண்டாவது தடவை கேட்பார். கேட்டதும் நான் சொல்லிவிடுவேன். சூரணத்தைச் சொன்னதுபோல, பாத்ரூமில் பிடித்த சிகரெட்டைச் சொன்னதுபோல. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"சரி," என்றார். "அத்திமரத்தை நன்றாக மூடியிருக்கிறீர்கள். நன்றி."

மேன்முறையீடு எழுதினார். சட்டத்தரணி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டிய பத்திரம். அதில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். 'என் வீட்டில் குடியிருக்கும் இவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அப்படி ஒரு அழைப்பு வரவில்லை என்று இவர் சொல்கிறார். இவர் சொல்வதை நான் நம்புகிறேன்.' வாசித்தேன். வாழ்நாளில் பொய்யே எழுதாத ஒருவர் எழுதிய முதல் பொய். அதை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். பெயர் சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மேன்முறையீட்டுக்குப் பதில் வருவதற்கு முன் பெரியப்பா இறந்துபோனார். பாதிரியார் போன் எடுத்துச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் கடைசி நாள் பின்னேரம் வந்து சூப் பருக்கியிருக்கிறாள். "நாளைக்கும் இருப்பாயா?" என்று கேட்டிருக்கிறார். இருப்பேன் என்றிருக்கிறாள். கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் மறுபடி கேட்பார் என்று அவளுக்குத் தெரியாது.

சிஞ்ஞோரா இதை மனைவியிடம்தான் சொன்னார். அவள் அழுதபடி படியிறங்கி வந்தாள்.

"போய்ச் சொல்லிப்போடுங்கோ," என்றாள். "இப்பவே மேலை போய்ச் சொல்லிப்போடுங்கோ."

"நீர்தானே சொல்லாதேங்கோ எண்டனீர்."

அப்படிச் சொன்னேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் மேலே போகவுமில்லை. அந்த வசந்தத்தில் அத்திமரத்தைக் குழியிலிருந்து நிமிர்த்தி நிறுத்தியபோது அவர் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்ணைத் தட்டித் தட்டி, தேவைக்கு அதிகமாக அங்கேயே நின்றேன். அவர் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தோம். வாடகை வாங்கினார், மருந்து தந்தார், எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது கையால் பின்னிய தொப்பி கொண்டுவந்து கொடுத்தார். கடையில் எல்லோரிடமும் வழக்கம்போல இரண்டு தடவை கேட்டார். என்னிடமும் கேட்டார், வயிற்றெரிவு குறைந்ததா, வயிற்றெரிவு குறைந்ததா என்று. அந்த ஒரு விஷயத்தை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை. நம்பியதனால் கேட்கவில்லையா, தெரிந்துவிட்டதனால் கேட்கவில்லையா? இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் நான் பாவி. தெரிந்திருந்தால், என்னை இரண்டாவது பொய்யிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். அதை நினைக்கும்போது முந்தியதே மேல் என்று இருக்கும். அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. இனி யாரும் கேட்கப்போவதில்லை, அதனால்தான் நானாகச் சொல்கிறேன்.

சொல்வதற்கு இன்னும் ஒரு நாள் மட்டும் மிச்சம் இருக்கிறது.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில், இவரை எனக்குத் தெரியும், இதில் எழுதியிருப்பது உண்மை என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும். படத்தின் பின்பக்கத்திலும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். டொக்டர், சட்டத்தரணி, மருந்தாளர் என்று யார் யார் வைக்கலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. நான் டொக்டரிடம் போகத்தான் நினைத்தேன். படிக்கட்டில் என் கையில் இருந்த பத்திரத்தைச் சிஞ்ஞோரா கண்டுவிட்டார்.

"அந்த டொக்டருக்கு உங்கள் வயிற்றை மட்டும்தான் தெரியும்," என்றார். "மேலே வாருங்கள்."

அதே மேசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார். முடிந்ததும் மேலிருந்து மறுபடி வாசித்தார். பேனையை எடுத்தார்.

"இதில் இருப்பதெல்லாம் உண்மைதானே?"

"ஓம்," என்றேன்.

இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். பெப்ரவரி, காலை பதினொரு மணி, நான்தான் சொன்னேன் என்ற வசனம் ஆங்கிலத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்தபடி இருந்தது. அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். வேண்டிய அளவு நேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் மெதுவாக எழுதினார், இது இவருடைய மெய்யான உருவம் என்று. கையெழுத்து வைத்தார். பேனையை மூடினார்.

"அம்மாவைப் போய்ப் பார்ப்பீர்களா?" என்று கேட்டார்.

"பார்ப்பேன்."

பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து கதிரையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

"தாமதிக்காமல் போய்ப் பார்ப்பீர்களா?"

இரண்டாவது தடவை கேட்டார். கதிரையைப் பிடித்தபடி நின்று அழுதேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. எழுந்துபோய் ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்.